நான்கா ஐந்தா

கொட்டாஞ்சேனை,
12.02.2024

அன்புள்ள பலீலா ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். சுகர் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. உங்கள் வட்டிலப்பத்தை மூன்று தடவை வாங்கித் தின்றவளுக்கு அது வேண்டியதுதான். உங்கள் முழங்கால் எப்படி? ஜுமானாவின் கால் வீக்கம் வற்றியதா?

ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு இவளுக்கு ஏன் கடிதம் என்று சிரிப்பீர்கள். உங்கள் போனுக்கு வருவதையெல்லாம் ஜுமானாதான் முதலில் பார்க்கிறாள். நேரில் வந்தால் மருமகன் அஹ்ஸன் இருப்பார். நான் எழுதப்போவதை அவர்கள் இருவரும் அறியவே கூடாது.

இருபத்திரண்டு வருடம் ஜித்தாவில் அடுத்தவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டியதில் நம் பிள்ளை ஜுமானாவின் கல்யாணத்தைத் தவறவிட்டேன். அதனால் உங்கள் சம்பந்தி பீபியை ஏழாம் மாத விருந்தில்தான் முதன்முதலாகக் கண்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து அஹ்ஸன் பிறந்த கதையைச் சொன்னார். "பிட்ஸ் வந்து அஞ்சு நாள் எனக்கு நெனவே இல்ல. வார்ட்ல புள்ள மௌத்தான ஒரு பொம்புள எண்ட மகனுக்குப் பால் குடுத்தீக்கி. அவ எங்க ஈந்தாலும் அல்லாஹ் அவக்கு ரஹ்மத் செய்யணும்" என்றார். எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம் என்று கேட்டேன். அதே ஆஸ்பத்திரி. தொண்ணூற்றெட்டு ஆகஸ்ட்.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு நான் எழுந்ததை நீங்கள் கண்டீர்கள். சுகர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ராத்தா, பிள்ளை இறந்துபோன அந்தப் பெண் நான்தானே? என் மகன் ஸப்வான் போன மறுநிமிடத்திலிருந்து நீங்கள்தானே என் கட்டிலடியில் நின்றீர்கள்? மார்க்கச் சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து தடவை வயிறாறப் பால் கொடுத்தால் அந்தப் பிள்ளை நம் பிள்ளை. ஒருத்தியிடம் குடித்த இருவர் கூடப்பிறந்தவர்கள், அவர்களுக்குள் நிக்காஹ் இல்லை. உங்களுக்கு மார்பில் கட்டி வந்து ஜுமானாவுக்கு நான்கு மாதம் நான் பால் கொடுத்தது ஊருக்கே தெரியும். அஹ்ஸனும் என்னிடம் குடித்த பிள்ளை என்றால் அவர்கள் இருவரும் யார்?

பயமாக இருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும் தங்கை,
ஸீனத்

*

வெள்ளவத்தை,
19.02.2024

ஸீனத்துக்கு ஸலாம்.

இங்கு எல்லாரும் சுகம். என் முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே, உன் தலையைப் பற்றிக் கவலைப்படு.

அந்த வார்டில் நாற்பது கட்டில். எத்தனை பெண்கள், எத்தனை பிள்ளைகள். பிள்ளை மௌத்தானவள் நீ ஒருத்திதானா? ஸப்வானைப் பறிகொடுத்த பிறகு நீ எப்படி இருந்தாய் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தலையணையைத் தூக்கி மார்பில் வைத்துத் தாலாட்டினாய். வாப்பா வாசலில் நின்று அழுதார். அந்த நிலையில் நீ கண்டது கனவோ நினைவோ யார் சொல்வது?

ஒருவேளை யாரோ ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை, இரண்டு தடவை கொடுத்திருப்பாய். ஐந்துக்குக் குறைந்தால் ஒன்றுமே இல்லை. எத்தனை என்று சந்தேகம் இருந்தாலும் உறவு இல்லை. எங்கள் பள்ளிவாசல் மௌலவி ஹஸ்ரத்திடம் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடு இது.

இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்து அடுப்பில் போடு. உன்னுடையதைப் போட்டுவிட்டேன்.

இனி நீ கிளினிக்குக்கு வரிசையில் நிற்க வேண்டாம். உன் கிளினிக் கொப்பியை பஸீரிடம் கொடுத்துவிடு. த்ரீவீல்காரன் என்றாலும் நம்பிக்கையானவன். மருந்துக் குளிசைகளை நானே எடுத்து மாதாமாதம் அனுப்புகிறேன். உனக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ராத்தா

*

கொட்டாஞ்சேனை,
26.02.2024

அன்பு ராத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். குளிசைகள் வந்தன, சந்தோஷம்.

தலையணை விஷயம் உண்மை. மறுக்கவில்லை. ஆனால் தலையணை பால் குடிக்காது ராத்தா.

எண்ணிச் சொல்கிறேன், கேளுங்கள். வாப்பா ஸப்வானை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போன அன்று மஃரிப் பாங்கு சொல்லும்போது முதல் தடவை. என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. பணிப்பெண் வந்து, "கிரி தியெனவாத நங்கி?" என்று கேட்டாள். பால் இருக்கிறதா என்று அவள் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அவளே ஒரு ஆண் பிள்ளையை என் மடியில் வைத்தாள். மறுநாள் டொக்டர்மார் சுற்றி வரும் முன் இரண்டாவது. குடித்து முடித்துத் தும்மினான். பகல் நீங்கள் சோறு கொண்டுவந்தபோது மூன்றாவது. என் கை இரண்டும் அவனிடம் இருந்ததால் நீங்கள்தான் எனக்குச் சோறு ஊட்டினீர்கள். அஸர் நேரம் மழை அடித்து ஜன்னல்களைச் சாத்தியபோது நான்காவது. அடுத்த நாள் காலை, போகலாம் என்று துண்டு வெட்டி, வீட்டுக்குப் போக உடுப்பு மாற்றிய பிறகு ஐந்தாவது. வாகனம் காத்திருக்கிறது என்று நீங்கள் அவசரப்படுத்தினீர்கள். ஜுமானா அப்போது உங்கள் வயிற்றில், இன்றோ நாளையோ என்றிருந்தாள்.

தொட்டிலில் கட்டியிருந்த துண்டில் 'மீரா சாஹிப் பீபி' என்று இருந்தது. அந்த எழுத்துக்கூட நினைவிருக்கிறது.

இன்னொன்று. உங்கள் பள்ளிவாசல் மௌலவி ஹஸ்ரத் கொரோனாவில் மௌத்தானதாக நீங்கள்தான் ஜித்தாவுக்கு போன் செய்து அழுதீர்கள். அது ஜுமானாவின் கல்யாணத்துக்கு முந்திய வருடம். அப்படியென்றால் இந்தச் சட்டத்தை நீங்கள் அவரிடம் எப்போது கேட்டீர்கள்? ஏன் கேட்டீர்கள்?

பிள்ளைகள் மேல் குற்றமில்லை, தெரியாமல் வாழ்ந்தார்கள். வயிற்றில் இருப்பதும் குற்றமற்றது. ஆனால் தெரிந்த பிறகு என்ன செய்வது? மார்க்கம் படித்த ஒரு ஆலிமிடம் பேசுவோம், நீங்களும் வாருங்கள்.

தங்கை ஸீனத்

*

வெள்ளவத்தை,
14.03.2024

ஸீனத்துக்கு ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது?

பதில் எழுதப் பிந்திவிட்டது. வீட்டில் வேலை. பஸீரிடம் தினமும் நோன்புக் கஞ்சி அனுப்புகிறேன். இஞ்சியும் பூண்டும் தூக்கலாகப் போட்டிருக்கிறேன், உனக்குப் பிடிக்கும். ஒரு சொட்டு மிச்சம் வைக்காதே. உன் கிளினிக் டொக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார். வெள்ளைக் கவரில் உள்ளதை ஸஹருக்கு ஒன்று, இஃப்தாருக்கு இரண்டு. பஸீரின் முன்னாலேயே போடு, இல்லாவிட்டால் மறந்துவிடுவாய்.

நீ மறதியாகி வருவதை அஹ்ஸனிடமும் ஜுமானாவிடமும் சொன்னேன். போன வாரம் நீ கேஸ் அடுப்பை நிறுத்தாமல் வெளியே போனதைச் சொன்னேன். பாவம் ஜுமானா, சாச்சிக்கு இந்த வயதிலேயா என்று அழுதாள். சம்பந்தி பீபிக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், நீ ஏதாவது உளறினால் மனதில் எடுக்க வேண்டாம் என்று.

உன் வீட்டுச் சாவி ஒன்றை பஸீரிடம் கொடுத்துவிடு. தனியாக விழுந்து கிடந்தால் யார் கதவைத் திறப்பது?

உன் நன்மைக்காகவே இருக்கும்,
ராத்தா

*

கொட்டாஞ்சேனை
மார்ச் 25 என்று நினைக்கிறேன்

ராத்தா, ஸலாம். சுகமா?

நான் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் போனேனா? எனக்கு அப்படி நினைவில்லை. ஆனால் நீங்கள் சொன்னால் போயிருப்பேன். இப்போது எதையும் நம்ப முடியவில்லை. பகலெல்லாம் தூங்குகிறேன். நோன்பு எத்தனை பிடித்தேன், எத்தனை விட்டேன் தெரியாது. நேற்றோ முந்தாநாளோ சந்தையில் நின்றேன். கையில் பை இருந்தது. எதற்கு வந்தேன், வீடு எந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. ஒரு மீன்காரன்தான் கூட்டிவந்து விட்டான். வழியெல்லாம் "பயப்படாதீங்க அம்மா" என்றான். அவனைக் கண்டுதான் பயந்தேன்.

யாரோ வீட்டுக்குள் வந்து போகிறார்கள். பொருட்கள் இடம் மாறியிருக்கின்றன. பஸீரா? அவனிடம் சாவி கொடுத்தேனா?

ராத்தா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் நான் ஒரு ஆண் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன் என்று எழுதினேன் அல்லவா? நான்கா ஐந்தா? அது அஹ்ஸனா? இப்போது யோசித்தால் எல்லாம் கலங்குகிறது. சில நேரம் அது தலையணைதானோ என்று தோன்றுகிறது. எனக்கு ஸப்வான் என்று ஒரு மகன் பிறந்தானா? அதை மட்டும் சொல்லுங்கள். அவன் முகம் வருகுதில்லை. அழுகையாக வருகிறது.

ஸீனத்

*

வெள்ளவத்தை,
28.03.2024

என் அன்புத் தங்கச்சிக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் கண்டு எத்தனை ஆறுதல். அல்ஹம்துலில்லாஹ், நீ தெளிந்து வருகிறாய். இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன். ஆமாம், ஸப்வான் பிறந்தான், இரண்டு நாள் இருந்தான். மற்றதெல்லாம் உன் துக்கம் கட்டிய கதை.

இனி இதைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம். ஒரேயொரு வேலை செய். ஒரு வெள்ளைத் தாளில் உன் கையால் எழுது: 'ஆஸ்பத்திரியில் யாருக்காவது பால் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.' கீழே கையொப்பம் வை. அவ்வளவுதான். நாளைக்கு யார் எதைக் கிளப்பினாலும் அந்தத் துண்டு போதும்.

பெருநாளுக்குப் பிறகு உன்னை ஒரு நல்ல இடத்தில் சேர்க்கிறேன். வயதான பெண்கள் இருக்கும் இடம், மரங்கள் நிறைய, வாசலில் காவலும் உண்டு. யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். போன் தேவையில்லை.

ஜுமானாவுக்கு இன்னும் இரண்டு கிழமைதான். துஆ செய். குளிசையை விடாதே.

உன் ராத்தா

*

கொட்டாஞ்சேனை,
08.04.2024

பலீலா ராத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம்.

காரணம் எங்கள் தெரு பாமசிக்கார றேமண்ட். கழுவி வைத்த கஞ்சிக் கிண்ணத்தோடு தெருவில் நின்ற என்னைக் கண்டு உள்ளே கூப்பிட்டான். என் பையிலிருந்த வெள்ளைக் கவரைத் திறந்து பார்த்தான். "அன்ட்டி, இது சுகர் குளிசை இல்ல. இது மண்டைய மந்தமாக்கிற குளிசை. டொக்டர்ட துண்டு இல்லாம நாங்களே குடுக்க மாட்டம். யார் தந்த?" என்றான். என் கூடப்பிறந்தவள் என்று சொல்ல வாய் வரவில்லை. வழியில் யாரோ தந்தது என்றேன். அதற்கும் அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

இன்றோடு பத்து நாள். குளிசையை நாக்குக்கடியில் வைத்து, பஸீர் போனதும் துப்பிவிடுகிறேன். கஞ்சியை வடிகாலில் ஊற்றுகிறேன். கஞ்சி என்ன பாவம் செய்தது, ஆனாலும் உங்கள் கையால் வருவதை இனி என்னால் விழுங்க முடியாது. பூட்டையும் மாற்றிவிட்டேன்.

நினைவு திரும்பி வந்தது ராத்தா. போகும்போது விட்டுப்போனதையும் சேர்த்துக் கூட்டிவந்திருக்கிறது.

கடைசி நாள் காலையில் நீங்கள் அவசரப்படுத்தியது வாகனத்துக்காக மட்டுமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். "நாலு போதும்டி ஸீனத், அஞ்சாக்காத. எனக்குப் பொம்புளப் புள்ள பொறந்தா ஒரு மாப்புள கொறஞ்சிரும்." நானும் சிரித்தேன். பிள்ளையை இழந்த பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே அவனை மடியில் எடுத்தேன். நீங்கள் திரையை இழுத்துவிட்டீர்கள்.

ஆக, எண்ணியவள் நான் மட்டுமில்லை. நீங்கள் என்னைவிடத் திருத்தமாக எண்ணினீர்கள்.

ஜுமானாவின் பேறுகாலம் முடியும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன், அவள் என் பாலைக் குடித்தவள். அதன்பிறகு நீங்களாகவே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது.

உங்களைக் கண்டு இப்படிப் பயப்படுவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஸீனத்

*

வெள்ளவத்தை,
22.04.2024

ஸீனத்துக்கு,

ஏப்ரல் பதினான்கு காலை ஜுமானாவுக்கு மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். அஹ்ஸன் பிள்ளையின் காதில் பாங்கு சொல்லும்போது அழுதான். பீபி ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தார்.

உனக்கு இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஆமாம். பெண் பார்க்க வந்த அன்றே பீபி அந்தக் கதையைச் சொன்னார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அன்று பின்னேரமே மௌலவியிடம் போனேன், வேறு யாருக்கோ கேட்பதுபோல. சந்தேகமென்றால் உறவில்லை என்றார். எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எனக்குச் சந்தேகமில்லை என்பது யாருக்குத் தெரியும்? நீ ஜித்தாவில். உனக்கு டிக்கெட் அனுப்பாமல் விட்டதும் நான்தான்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு முன் பேசிய சம்பந்தம் கார்டு அடித்த பிறகு முறிந்தது. உனக்கு போனில் சிரித்துக்கொண்டே சொன்னேன். சொல்லாதது ஒன்று. அந்தக் கிழமை குளியலறைக் கதவை உடைத்துத்தான் ஜுமானாவை வெளியே எடுத்தேன். மூன்று நாள் கண் திறக்கவில்லை. திறந்ததும், "ஏன் உம்மா என்னத் தூக்கின?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு ஆறு மாதம் அவள் பக்கத்தில் நான் படுத்தேன். பிறகு அஹ்ஸன் வந்தான். சோறு தின்றாள், சிரித்தாள். நான் வாயை மூடினேன். இன்னொரு தடவை கேட்டாலும் மூடுவேன்.

நீ உண்மையைச் சொல்லி சொர்க்கத்துக்குப் போ. என் மகள் எங்கே போவாள்?

குளிசை போட்டதற்கு வெட்கப்படவில்லை. அவளுக்காக யாருடைய கஞ்சியிலும் எதையும் போடுவேன். நீ இரண்டு நாள் உம்மாவாக இருந்தாய். நான் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். நாற்பது நாள் கழியும்வரை இங்கே வராதே. வந்தால் பைத்தியம் வந்திருக்கிறது என்று நானே பொலிசைக் கூப்பிடுவேன். எல்லாரும் என்னைத்தான் நம்புவார்கள்.

பலீலா

*

வெள்ளவத்தை,
11.05.2024

அன்புள்ள ஸீனத் சாச்சிக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் சுகமா? நானும் மகளும் சுகம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

நாற்பது நாள் கண்ணைக் கெடுக்கக் கூடாதென்று உம்மா என் போனை வாங்கி வைத்திருக்கிறா. இதை அஹ்ஸனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். இது சுகம் விசாரிக்கும் கடிதம் என்று நினைக்கிறார். பதிலை அவருடைய பம்பலப்பிட்டிக் கடை விலாசத்துக்கு எழுதுங்கள், அவர் பிரிக்காமல் கொண்டுவருவார்.

பிள்ளையின் பிறப்புப் பதிவுக்கு என் அடையாள அட்டையைத் தேடும்போது உம்மாவின் அல்மாரியில், உடுப்புகளுக்கடியில், உங்கள் கடிதம் ஒன்று கிடந்தது. ஒன்றே ஒன்று. 'மார்ச் 25 என்று நினைக்கிறேன்' என்று தொடங்குகிறது. நான்கா ஐந்தா, அது அஹ்ஸனா என்று கேட்டிருக்கிறீர்கள். உம்மாவிடம் கேட்டேன். "அவக்கு மண்ட சரியில்ல மகள், அது பைத்தியம் எழுதிய" என்றா. பைத்தியத்தின் கடிதத்தை ஏன் ஒளித்து வைத்திருக்கிறா என்று கேட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும் என்று எழுந்து போனா.

சாச்சி, நான் இப்போது தூங்குவதில்லை. அஹ்ஸன் பிள்ளையைத் தூக்கும்போது அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிக் கண்ணாடியில் பார்க்கிறேன். பால் குடித்தால் முகம் ஒத்து வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கிறேன். அவர் கையைப் பிடிக்க வந்தால் இழுத்துக்கொள்கிறேன். அவருக்குப் புரியவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது எண்ணுகிறேன். தானாக எண்ணுகிறது. நிறுத்த முடியவில்லை.

மகள் அழுதால் ஆறாம் மாடி பெல்கனிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். அங்கே நின்றால் அவள் அழுகையை நிறுத்துகிறாள். எனக்கும் அங்கே நின்றால்தான் மனம் அமைதியாகிறது. நெடுநேரம் நிற்கிறேன்.

உங்களைப் பைத்தியம் என்று நான் நம்பவில்லை. அதனால் உங்களிடமே கேட்கிறேன். நீங்கள் எழுதுவதை அப்படியே ஏற்பேன். ஐந்து என்றால் ஒருநாளும் இந்த வீட்டில் இருக்கமாட்டேன், என் மகளையும் விட்டுவிட்டுப் போகமாட்டேன். நாங்கள் எங்கே போவோம் என்று கேட்காதீர்கள். நான் முடிவு செய்துவிட்டேன்.

எத்தனை தடவை, சாச்சி?

உங்கள் பாலைக் குடித்த மகள்,
ஜுமானா

*

கொட்டாஞ்சேனை,
15.05.2024

என் கண்ணான ஜுமானா மகளுக்கு, சாச்சியின் ஸலாமும் முத்தங்களும்.

உன் கடிதம் வந்தது. யாருடையதென்று விளங்க நேரமெடுத்தது. பிறகு உன் பெயரைக் கண்டு சந்தோஷப்பட்டேன். மகன் பிறந்தானாமே! மாஷா அல்லாஹ். பெயர் வைத்தாயிற்றா? உன் கல்யாணத்தில் நான் உடுத்த பச்சைப் புடவை நினைவிருக்கிறதா? அன்று நான் அடித்த குரவையில் மாப்பிள்ளை பயந்தே போனான். எல்லாரும் சிரித்தார்கள்.

நீ ஏதோ ஆஸ்பத்திரிக் கதை கேட்டிருக்கிறாய். மகள், எனக்குப் போன கிழமை தின்றதே நினைவில் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய கதையை என்னிடம் கேட்டால் நான் எங்கே போவேன்? ஸப்வான் போன பிறகு எனக்குத் தலை சரியில்லாமல் போனது. தலையணையைத் தூக்கித் தாலாட்டினேனாம், வாப்பா சொல்லி அழுவார். அந்தக் கடிதத்தில் இருப்பதும் அதே தலையணைதான். சரியாகச் சொன்னால், இப்படியொரு கடிதம் எழுதினேன் என்பதே எனக்கு நினைவில்லை.

உன் உம்மா சொல்வது சரி. அவ சொல்வதைக் கேள். கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு வெளியே போகிறவளின் பேச்சை நம்பி யாராவது நித்திரையைக் கெடுப்பார்களா? ஆஸ்பத்திரியில் யாருக்காவது பால் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அல்லாஹ் அறிய நினைவில்லை. கீழே கையொப்பமும் வைக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஒரேயொரு காரியம் இந்தப் பைத்தியத்துக்காகச் செய். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு மனம் பயந்துபோகும், எண்ணங்கள் நிற்காது. எனக்கு வந்தது, அதனால் தெரியும். அது நோய், மருந்து உண்டு. நாளைக்கே அஹ்ஸன் மகனைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போ. அவன் கையைப் பிடித்துக்கொண்டு போ. அவன் உன் புருஷன்.

துஆவோடு சாச்சி,
ஸீனத்

*

கொட்டாஞ்சேனை,
15.05.2024

பலீலா ராத்தாவுக்கு ஸலாம்.

இது ஜுமானாவுக்குத் தெரிய வேண்டாம். பெல்கனிக் கதவை இன்றே பூட்டிச் சாவியை உங்கள் இடுப்பில் முடியுங்கள். அவளையும் பிள்ளையையும் ஒரு நிமிடம் தனியாக விடாதீர்கள். அவளை டொக்டரிடம் கொண்டுபோகச் சொல்லி எழுதியிருக்கிறேன், நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள். உங்கள் குளிசை எதையும் அவள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் நான் உங்களை மன்னிக்கமாட்டேன்.

நினைவில்லை என்று அவளுக்கு எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் எண்ணி வைத்திருந்ததை அரைப்பக்கத்தில் இல்லையென்று எழுதினேன். பாவம் என்றால் அது என் கழுத்தில். நாளைக்கு அவள் என் முன்னால் வந்து நின்று, கண்ணைப் பார்த்துக் கேட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே அந்த மரங்கள் உள்ள இடத்துக்கு நான் போகிறேன். பஸீரை வரச்சொல்லுங்கள், சாவி கொடுக்கிறேன்.

ஆனால் அங்கே போனாலும் என் தலைக்குள் ஐந்தும் அப்படியே இருக்கும். மழை அடித்ததும், அவன் தும்மியதும். அதை வைத்துக்கொண்டு என்னால் ஐந்து நேரமும் தொழ முடியாது.

றேமண்டிடம் கேட்டேன், துண்டில்லாமல் தரமாட்டேன் என்கிறான். என்னிடம் இருந்ததையெல்லாம் துப்பிவிட்டேன். அந்த வெள்ளைக் கவர் குளிசையில் இரண்டு மாதத்துக்கு எடுத்து பஸீரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

தங்கை ஸீனத்